தூக்கப் பங்காளிகள்

சல்மாவுக்குத் தூக்கம் வராதது அவளுடைய சொந்தப் பிரச்சினை, வேறு எவருக்கும் அதில் சம்பந்தமில்லை என்று நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. சேர்ந்து என்று சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும். சேரக் கூடாது என்பதுதான் சட்டமே.

நான் பேச்சித்தாய். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் காவலர். மழையைப் பற்றிப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் மட்டும் படிக்கிற காலம் இது. ஆறேழு மாவட்டம் எங்கள் குழாயை நம்பித்தான் வாயைத் திறக்கிறது. முன்பு நாங்கள் வெறும் வாட்ச்மேன்கள். எங்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது, கொடி இருந்தது, மே தினத்துக்கு மிக்சர் பொட்டலம் இருந்தது. பிறகு ஒருநாள் நிலையத்தைப் பாதுகாப்புப் பணி என்று அறிவித்து, எங்களை நீர்க்காவல் படை ஆக்கினார்கள். காக்கிச் சட்டை கொடுத்தார்கள். பட்டாளத்தானுக்குச் சங்கம் உண்டா, உங்களுக்கும் கிடையாது என்றார்கள். சங்கம் இருந்த அறையில் இப்போது பேட்டரி அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

குறை இருந்தால் சொல்லலாம். தனித்தனியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேருக்கு ஒரே குறை வந்தால் அது குறை அல்ல, கூட்டு நடவடிக்கை. வேலையும் போகும், கம்பியும் எண்ண வேண்டும்.

வில்லை வந்தது அதற்குப் பிறகு. காதுக்குப் பின்னால் எலும்போடு ஒட்டி, புளியங்கொட்டை அளவில் ஒன்றைப் பதித்தார்கள். நாலு பேர் ஒரு கண்ணி. இரண்டு பேர் காவலுக்கு நிற்கும்போது மற்ற இரண்டு பேர் வீட்டில் தூங்க வேண்டும். அவர்களுடைய தூக்கம் வில்லை வழியாக நிற்கிறவர்களுக்கு வந்து சேரும். நிற்கிறவனுக்குக் கொட்டாவிகூட வராது. தூங்கினவன் எழுந்திருக்கும்போது அவனுக்கென்று பாதிதான் மிஞ்சியிருக்கும். சொந்த வீட்டில், சொந்தப் பாயில் படுத்து, ஊரானுக்குத் தூங்குகிற பிழைப்பு.

எங்கள் கண்ணியில் மூத்தவர் இருதயராஜ் அண்ணன். பழைய சங்கத்தின் செயலாளர். இளையவன் செண்பகக் குற்றாலம், தென்காசிப் பக்கத்துப் பையன், வாயைத் திறந்தால் கேலி. அப்புறம் நானும் உம்மு சல்மாவும். மூன்று வில்லைகள் ஓரிடத்தில் கூடினால் அலுவலகத்தில் மணி அடிக்கும். அதனால் குற்றாலத்தின் கல்யாணத்தில்கூட முதல் பந்தியில் சல்மா, இரண்டாம் பந்தியில் நான். இருதயராஜ் அண்ணனோ எல்லாரும் கை கழுவிப் போன பிறகு வந்து ஆறிப்போன ரசத்தைக் குடித்துவிட்டுப் போனார். "என் கல்யாணத்துல நாத்தனார் சண்டையில்ல, மாமன் சண்டையில்ல, வில்லைச் சண்டை மட்டுந்தான்" என்று குற்றாலம் சிரித்தான்.

சல்மா என்னோடு தொட்டி மேல் காவல் நின்ற ஒரு காலையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. தொட்டி என்றால் ஒரு ஏரியைத் தூக்கி நிறுத்தியது போல. விளிம்பில் கைப்பிடி கிடையாது. தூங்காத ஆளுக்குக் கைப்பிடி எதற்கு என்று கழற்றிவிட்டார்கள்.

"பேச்சி, நான் தூங்கி எம்புட்டு நாளாச்சுன்னே தெரியலட்டி. படுக்கேன், கண்ணு மூடுது, தூக்கம் மட்டும் வர மாட்டேங்கு" என்றாள்.

"நானும் அசந்துதான் கெடக்கேன். எல்லாருக்கும் அப்படித்தான மக்கா."

"இது அசதி இல்லட்டி. நேத்து ரிஃபாவ ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன். ரோட்டு நடுவுல நின்னுட்டேன். லாரி வருது. புள்ளதான் என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போச்சு. அந்தப் பக்கம் போயி, அவளப் பாத்து நிக்கேன். அவ பேரு எனக்கு வரல."

அவள் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தூக்கம் வேண்டும் போலிருக்கிறது. 

தூத்துக்குடியில் டாக்டர் பாக்கியநாதனிடம் கூட்டிப் போனேன். இரண்டு வில்லைகள் என்பதால் மணி அடிக்காது. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க தூங்குற தூக்கம் மத்தவங்களுக்குப் போகுது, சரி. ஒரு பங்காவது உங்ககிட்ட தங்கணும். உங்க மூளைக்குத் தங்க வைக்கத் தெரியாமப் போச்சு. சல்லடையில தண்ணி பிடிக்கிற கதைதான். இப்போ தூக்கமே பிடிக்கிறதில்ல, மத்தவங்களுக்குப் போகவும் ஒண்ணுமில்ல. வில்லையை எடுத்தா சரியாகும்."

"எடுக்கலன்னா?" என்று நான் கேட்டேன்.

"இந்த வருஷத்தைத் தாண்ட மாட்டாங்க."

"அப்போ நீங்களே எடுத்துருங்க டாக்டர்."

"அது அரசாங்கச் சொத்தும்மா. நான் கை வச்சா எனக்கு ஜெயிலு. மேலதிகாரி விலக்கு குடுத்தா கால் மணி நேர வேலை."

எங்கள் மேலதிகாரி துணை ஆணையர் சிவப்பிரகாசம். நல்ல மனிதர். அதுதான் பெரிய சங்கடம். கெட்டவனாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டாவது வரலாம். இவர் விலக்கு கேட்கப் போன சல்மாவை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தாராம். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டாராம்.

"உனக்குத் தூக்கம் வரல. சரி. இது உனக்கு மட்டுமா, உன் கண்ணியில எல்லாருக்குமா?"

தூங்காத மூளைக்குச் சூது வராது. "எல்லாருமே அசந்துதான் போயிருக்காங்க சார்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"அப்படின்னா இது கூட்டுக் குறைம்மா. என்னால தொட முடியாது. நீ சொன்னதை நான் எடுத்துக்கிட்டா, உங்க நாலு பேர் மேலயும் வழக்குப் போடணும். கேட்காத மாதிரி இருந்துக்கறேன். வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு."

நல்லாத் தூங்கு என்று சொல்லி அனுப்பினார். இதை என்னிடம் சொல்லும்போது சல்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருதயராஜ் அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். உப்பளத்துப் பாதையில் ஒரு டீக்கடை, அவரும் நானும் மட்டும்.

"சட்டத்துல ஒரு சந்து இருக்கு பேச்சி. அவளுக்கு மட்டுந்தான் கொறை, நம்ம மூணு பேருக்கும் ஒரு கொறையும் இல்லன்னா அது தனிக்குறை. தனிக்குறைக்கு விலக்கு உண்டு. நாம மூணு பேரும் சத்தியம் பண்ணிச் சொல்லணும், வேலை லேசுன்னு."

"சொன்னா நம்பிருவாங்களாண்ணே? சோதனை வைப்பாங்கல்லா?"

"வைப்பான். குளுகுளு ரூம்ல உக்கார வச்சு, வெளக்கு எரியும்போது பட்டன அமுக்கச் சொல்லுவான். கண்ணு சொக்கும். கடவாயில ஒரு காந்தாரி மொளகாயக் கடிச்சு வச்சுக்கிடணும். எப்படிச் சொக்கும் பாப்போம்."

"அண்ணே, நாம செத்துக்கிட்டு இருக்கோம். வேலை லேசுன்னு எப்படிச் சொல்ல?"

"மொதல்ல ஒரு உசுரு. சங்கத்துலயும் அப்படித்தான் செய்வோம். ஒரு ஆளு கேசை முடிச்சு அவனக் கரையேத்து, பொதுக் கேசைப் பொறவு பாக்கலாம்." டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவ புள்ள பேரு அவளுக்கு மறந்துட்டுன்னு நீதானட்டி சொன்ன?"

நான் குற்றாலத்திடம் போய்ச் சொன்னேன். மூன்று பேரும் ஒரே மாதிரி பேசினால் சந்தேகம் வரும் என்று ஆளுக்கொரு விதமாகப் பதிலைத் தயார் செய்தோம். சல்மாவிடமும் சொல்லி, உனக்கு மட்டும்தான் என்று அடித்துச் சொல் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். நான் ரிஃபாவைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் புதிதாக ஒரு மனுக் கொடுத்தாள்.

விசாரணை நடந்தது. எனக்கு முறை வந்தபோது கடைவாயில் மிளகாய் எரிந்துகொண்டிருந்தது. "வேலையா சார் அது? பொழுது போகாமத்தான் கஷ்டமா இருக்கு" என்றேன். இருதயராஜ் அண்ணன், இந்த வயதிலும் இன்னும் இரண்டு காவலுக்கு நிற்பேன் என்றாராம். குற்றாலம், சும்மா நிற்கிறதுக்கு எங்களுக்கு இவ்வளவு செய்கிறீர்களே என்று கும்பிட்டானாம். சோதனையில் விளக்கு எரிந்த கணமே எங்கள் விரல் பட்டனில் இருந்தது. வெளியே வந்து குற்றாலம் தண்ணீர்க் குழாயில் வாயை வைத்துக்கொண்டே, "வாயில தீ, மூஞ்சில சிரிப்பு. கல்யாணத்தன்னைக்குக்கூட நான் இம்புட்டு நடிக்கலக்கா" என்றான்.

சல்மாவுக்கு விலக்கு கிடைத்தது. வில்லையை எடுத்தார்கள். வில்லை இல்லாதவள் பாதுகாப்புப் பணியில் இருக்க முடியாது என்று, குடிநீர் வாரியத்தின் பில் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே போய்ச் சேர்ந்த வாரம் எனக்குப் போன் செய்தாள்.

"பேச்சி, கனவு கண்டேன்ட்டி! கனவு! எங்க வாப்பா வந்து, ஏன்ளா முருங்கக்காய்க்கு உப்புப் போடலன்னு ஏசுதாக. எந்திரிச்சு உக்காந்து அழுதேன், சந்தோசத்துல."

நானும் அழுதேன். அன்றைக்கு எனக்கு ஒரு அசதியும் தெரியவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு சிவப்பிரகாசம் என்னைக் கூப்பிட்டார். மறுபடியும் டீ.

"உட்காரும்மா. சென்னையிலிருந்து உங்க மூணு பேருக்கும் பாராட்டு வந்திருக்கு. சல்மா பல மாசமாத் தூங்கவே இல்ல, இல்லையா? அப்போ உங்க கண்ணி மூணு பேர் தூக்கத்துலதான் ஓடியிருக்கு. அப்படி ஓடியும் சோதனையில நீங்கதான் மாநிலத்துலயே முதல். வேலை லேசுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க." அவர் குரலில் கிண்டல் இல்லை, மெய்யாகவே பெருமைப்பட்டார். "அதனால இனிமே எல்லா நிலையத்துலயும் மூணு பேர்தான் ஒரு கண்ணி. உங்களுக்கு நாலாவது ஆள் வர மாட்டாங்க."

 எங்கள் நிலையம் மட்டும் இல்லை. மாநிலம் முழுக்க அணை, கிடங்கு, குழாய்ப்பாதை என்று எங்கெல்லாம் வில்லை போட்ட ஆள் நிற்கிறானோ அங்கெல்லாம். எங்கள் கையால், எங்கள் மிளகாயால்.

"சார், அன்னைக்கு நாங்க சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தினார். "யோசிச்சுப் பேசும்மா. சத்தியம் பண்ணிச் சொன்னது பொய்ன்னா, அவளுக்குக் குடுத்த விலக்கும் செல்லாது. வில்லை திரும்ப உள்ள போகும்."

நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேர் நிற்க, ஒருவர் மூன்று பேருக்குத் தூங்கினோம். ஒரு ஆள் சோற்றை மூன்று இலையில் போட்டால் யாருக்கு வயிறு நிறையும்? இருதயராஜ் அண்ணன், பைபிளைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது என்றார். குற்றாலம் கேலி பேசுவதை விட்டுவிட்டான். ஒருநாள் தொட்டி விளிம்பில் நின்றுகொண்டு, "அக்கா, நான் முழிச்சிருக்கேனா, தூங்குதேனா? கொஞ்சம் கிள்ளிப் பாருங்க" என்றான். நான் கிள்ளினேன். அவனுக்குத் தெரியவில்லை. பெல்ட்டைப் பிடித்து உள்பக்கம் இழுத்துப் போட்டேன். அவன் பெண்டாட்டிக்கு அப்போது ஏழாம் மாதம். வடக்கே ஒரு அணையில் ஒருவன் நடந்தபடியே தண்ணீருக்குள் போய்விட்டான் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தது. அப்புறம் இன்னொரு ஊரில் ஒரு பெண்.

செய்தி சல்மாவுக்கும் போயிருக்கிறது. பில் பிரிவில் சங்கம் உண்டு. அவர்கள் பேனா பிடிக்கிறவர்கள், பாதுகாப்புப் பணியில் இல்லை. அவள் அதில் சேர்ந்து, அங்கே இருந்தவர்களையெல்லாம் கிளப்பி, ஒரு காலையில் எங்கள் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணிக்கு நாலு பேர் வேண்டும், காவலர்கள் சாகிறார்கள் என்று மைக்கில் பேசினாள். நல்லாத் தூங்கினவள் குரல். ஒரு பர்லாங்குக்குக் கேட்டது. நான் தொட்டி மேல் நின்று கேட்டேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு எங்களுக்காக ஒருத்தி சத்தம் போட்டாள்.

மதியத்துக்குள் அவளைப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். படையைப் பற்றிப் பொய் பரப்பினாள் என்று வழக்கு. சென்னையிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்திருந்தார். எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். முதலில் நான். அறையில் அந்த அதிகாரி, சிவப்பிரகாசம், எதிரே நாற்காலியில் சல்மா. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கண் தெளிவாக இருந்தது.

"இந்தம்மா சொல்றது உண்மையா, பொய்யா?" என்றார் அதிகாரி. "உண்மைன்னா, நீங்க முன்னாடி சொன்னது பொய். கண்ணிக் கணக்கை மறுபடி பார்ப்போம், ஆனா இவங்களுக்கு விலக்கு ரத்து. பொய்ன்னா, இவங்களுக்குச் சிறை. இப்போ இருக்கிற முறை தொடரும்."

சல்மா என்னைப் பார்த்தாள். "உள்ளதச் சொல்லுட்டி பேச்சி. எல்லாம் யோசிச்சுட்டுத்தான் நான் வந்திருக்கேன். வில்லைய வைக்கட்டும். எனக்குச் சம்மதம்."

நான் குற்றாலத்தை நினைத்தேன். பிறக்கப் போகிற அவன் பிள்ளையை நினைத்தேன். முகம் தெரியாத ஆயிரம் பேரை நினைத்துப் பார்க்க முயன்றேன். ஆயிரம் பேருக்கு முகம் வரவில்லை. சல்மாவுக்குத்தான் முகம் இருந்தது, எதிரே, கைக்கெட்டும் தூரத்தில். சல்லடை என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது. சிறை என்றால் திரும்பி வருவாள். வில்லை என்றால் வர மாட்டாள்.

"பொய் சார்" என்றேன்.

சல்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்து இருதயராஜ் அண்ணன் போனார். அப்புறம் குற்றாலம். நாங்கள் முன்கூட்டி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வெளியே வந்த முகங்களைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்களும் அதே ஒரு சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. வராந்தாவில் சிவப்பிரகாசத்தை மறித்துக் கேட்டேன். "மூணு பேரும் ஒரே பதில் சொல்லியிருக்கோமே சார். இது கூட்டு நடவடிக்கை ஆகாதா?"

அவர் அன்பாகச் சிரித்தார். "இதுக்குப் பேரு ஒழுங்கும்மா" என்றார்.

சல்மாவை வேனில் ஏற்றினார்கள். பந்தலில் இருந்தவர்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சொந்தக் காவலர்களே பொய் என்று சொன்ன பிறகு யார் உட்காருவார்கள்? நான் வேன் ஜன்னலுக்கு ஓடினேன். என்ன சொல்ல ஓடினேன் என்று எனக்கே தெரியாது. உன்னைக் காப்பாற்றத்தான் என்று சொல்ல நினைத்திருப்பேன். அவள் என்னைப் பேச விடவில்லை.

"என் ஒருத்தியக் காப்பாத்துதோம், காப்பாத்துதோம்னே எல்லாரையும் சாகக் குடுக்கியளேட்டி. போன தடவயும் அதத்தான் செஞ்சிய. ஒண்ணுக்கு மேல எண்ணத் தெரியாதாட்டி ஒங்களுக்கு? மறந்தே போச்சா?"

வேன் போய்விட்டது.

அன்று பிற்பகல் காவல் இருதயராஜ் அண்ணனுக்கும் குற்றாலத்துக்கும். எனக்குத் தூங்கும் முறை. வீட்டுக்கு வந்து, ஜன்னலை அடைத்து, மூன்று பேருக்கும் சேர்த்துப் படுத்தேன். கண்ணை மூடினேன். தொட்டி விளிம்பில் அவர்கள் இரண்டு பேரும் என் தூக்கத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.